கண் சொல்வதும் கண்ணில் தெரிவதும்

கண் மருத்துவரின் அறைக்கு வெளியே அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்கு நாள் முழுவதும் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல், மாலையானால் எரிச்சல், விளக்கைப் பார்த்தால் கூச்சம். மருத்துவர் கருவியின் வழியே பார்க்கிறார். கண் பளிங்குபோல் இருக்கிறது. மற்றவர் மூக்குக் கண்ணாடியின் அளவை மாற்றிக்கொள்ள வந்தவர். குறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்ணில் ஒரு துளி சாயம் விட்டதும் கருவிழிப் படலம் முழுவதும் புள்ளி புள்ளியாகச் சாயம் ஏறி நிற்கிறது. இவ்விருவரில் உலர்கண் நோய் யாருக்கு?

கேள்வி எளியது போலத் தோன்றினாலும், மருத்துவம் இதற்கு ஒரே விடையில் நிலைத்து நின்றதில்லை. கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எவரோ சிலர் நோயாளி என்ற பெயரைப் பெற்றார்கள். வேறு சிலர் அதை இழந்தார்கள். பெயரை இழந்தவர்களின் உறுத்தல் அதனால் நின்றுவிடவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தொடங்கும் முன் தமிழில் ஒரு சிறு இடர்ப்பாட்டைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'அறிகுறி' என்ற நம் சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களைச் சுமக்கிறது. நோயாளி தானே உணர்ந்து வாய்விட்டுச் சொல்வது ஒன்று. மருத்துவர் பார்த்தும் தொட்டும் அளந்தும் அறிவது மற்றொன்று. முன்னதை 'உணர்குறி' என்று வழங்குவது மருத்துவத் தமிழில் ஏற்கெனவே உண்டு. பின்னதை இக்கட்டுரையில் 'காண்குறி' என்றே குறிப்போம். இடர்ப்பாடு சொல்லளவில் இருந்தாலும், உணர்குறிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை: உறுத்துகிறது, கரிக்கிறது, எரிகிறது, கூசுகிறது, அரிக்கிறது, நமைக்கிறது, கரகரக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வு. இவற்றில் எதையும் எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது.

கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. மூளையிலிருந்து கசிந்து கண் வழியே வெளியேறுகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் 1662இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வில், கண்ணீர் சுரப்பியிலிருந்தே வருகிறது என்று அதன் நுண்குழாய்களைக் காட்டி நிறுவினார். கண்ணை ஈரமாக வைத்திருப்பதே அதன் வேலை என்றும் சொன்னார். 1666இல் ஹைன்ரிஷ் மைபோம் இமை விளிம்பில் வரிசையாக அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். நீர் ஓரிடத்திலிருந்தும் நெய்ப்பு வேறோரிடத்திலிருந்தும் வந்து சேர்ந்துதான் கண்மேல் ஒரு மெல்லிய படலமாகிறது. அந்தப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு இருக்கலாம். நாம் தெளிவாகப் பார்ப்பதெல்லாம் இதன் தயவால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவம் திசை மாறியது. பாரிஸில் லேனெக் 1816இல் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதுவரை நோயாளி சொல்லும் கதையை நம்பியிருந்த மருத்துவர், இப்போது அவர் உடலையே நேரடியாக விசாரிக்கத் தொடங்கினார். பிறகு கதை மெல்ல மெல்ல இரண்டாம் இடத்துக்குப் போனது. இந்த மாற்றத்தில் மற்றத் துறைகளைவிடக் கண் மருத்துவம் முன்னே ஓடியது என்று சொன்னால் மிகையில்லை. காரணம் எளிது: உடலைக் கிழிக்காமல் உள்ளே பார்க்க இடம் தரும் உறுப்பு கண்தான். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி விழித்திரையைக் காட்டியது. 1911இல் ஸ்வீடனின் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கை அறிமுகப்படுத்தினார். மெல்லிய ஒளிக்கீற்றால் கருவிழிப் படலத்தை அடுக்கடுக்காக வெட்டிப் பார்ப்பது போன்ற வசதி அது. இப்படிப் பார்த்துப் பழகிய ஒரு துறைக்கு, பார்க்க முடியாத ஒன்றை நம்புவது எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

உலர்கண்ணின் முதல் அளவுகோல் மிக மலிவானது: ஒரு காகிதத் துண்டு. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் பேராசிரியராக இருந்த ஓட்டோ ஷிர்மர் 1903இல் கண்ணீர்ச் சுரப்பைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மை ஒற்றும் தாளை ஒத்த காகிதத்தை 5 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, நுனியை மடித்து, கீழிமையின் உட்புறம் தொங்கவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஈரம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இது மருத்துவமனைகளில் வழக்கொழியவில்லை. இன்று பொதுவாக 5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் என்றால் வறட்சி என்று கொள்கிறார்கள்.

இச்சோதனையின் குறையும் அதன் எளிமையிலேயே இருக்கிறது. காகிதம் இமையில் பட்டதும் கண் உறுத்துகிறது. உறுத்தினால் நீர் சுரக்கிறது. கண்ணீரை அளக்க வந்த காகிதமே கண்ணீரை வரவழைக்கிறது. உலர்கண் உள்ளவர்களில் பலர் 'கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது' என்று முறையிடுவது இதன் மறுபக்கம். படலம் கிழிந்து உறுத்தும்போதெல்லாம் அவசர நீர் பெருக்கெடுக்கிறது. ஆனால் அந்த நீர் படலமாக நிற்பதில்லை, கன்னத்தில் வழிந்துவிடுகிறது. ஒரே கண்ணில் இன்று 4, நாளை 12 என்று காகிதம் மாறிச் சொல்வதும் உண்டு. இவ்வளவும் தெரிந்தும் காகிதத்தின் சொல்லுக்கு இருந்த மதிப்பு நோயாளியின் சொல்லுக்கு இருக்கவில்லை. காகிதம் ஓர் எண்ணைத் தந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

அடுத்த கட்டத்துக்கு நாயகர் ஹென்ரிக் ஷோகிரென். 1899இல் பிறந்த ஸ்வீடன்காரர். 1930ஐ ஒட்டிய காலத்தில் ஸ்டாக்ஹோமில் இளம் மருத்துவராக இருந்தபோது, கண் உலர்ந்து, வாய் உலர்ந்து, மூட்டுகளும் வலித்த ஒரு பெண்மணியைப் பார்த்தார். மூன்று முறையீடுகள், மூன்று வெவ்வேறு உறுப்புகள். சாதாரணமாக மூன்று மருத்துவர்களிடம் பிரிந்து போயிருக்க வேண்டியவை. இவற்றுக்கிடையே தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. இதே போன்றவர்களைத் தேடத் தொடங்கினார். 1933இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜெர்மன் மொழியில் அளித்த ஆய்வேட்டில் 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள்; 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்தது.

ஷோகிரென் செய்தது என்ன என்பதை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நடுவயது கடந்த பெண்கள் கண் எரிகிறது, வாய் உலர்கிறது, உடம்பு வலிக்கிறது என்று சொன்னால் அக்காலத்து மருத்துவம் எளிதில் அதை 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒதுக்கிவிட முடியும். இவர் ஒதுக்காமல் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் அதற்குச் சாட்சி தேடினார். ஷிர்மரின் காகிதம் ஒரு சாட்சி. இன்னொன்று ரோஸ் பெங்கால் என்ற செந்நிறச் சாயம். பெயரில்தான் வங்காளம், பிறந்தது 1882இல், ராபர்ட் க்னெம் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர் கையில். அதை ஒரு துளி கண்ணில் விட்டால், இமைகளுக்கு இடையே காற்றுப்படும் பகுதியில் சாயம் ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த இடம் இதுதான் என்று செந்நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. கண்ணும் சுரப்பிகளும் மூட்டுகளும் ஒரே நோயால் தாக்கப்படுகின்றன என்பது அவர் துணிபு.

தேர்வாளர்களை ஆய்வேடு போதிய அளவு கவரவில்லை. டோசென்ட் என்ற கல்விப் பட்டத்துக்குத் தேவையான மதிப்பெண் அதற்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக வாழ்வுக்கான கதவு மூடியது. 1930களின் பிற்பகுதியில் யோன்ஷோப்பிங் என்னும் ஊரின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து கண் மருத்துவராகப் பணியாற்றினார். போர்க்காலத்தில், 1943இல், ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அந்த ஆய்வேட்டை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதன் பிறகே உலகம் கவனித்தது. 1957இல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகம் டோசென்ட் பட்டம் அளித்தது; 1961இல் ஸ்வீடன் அரசு பேராசிரியர் என்ற பட்டத்தைத் தந்தது. 1986இல் மறையும்போது நோய் அவர் பெயரிலேயே வழங்கிவந்தது.

நோயாளியின் பேச்சைக் கேட்டுத் தொடங்கிய இந்த வெற்றியே பின்னாளில் பேச்சுக்கு எதிராகத் திரும்பியது. ஷோகிரென் காண்குறியைத் தேடியது உணர்குறிக்குத் துணையாக. அவருக்குப் பின் வந்தவர்கள் காண்குறியை நுழைவுச்சீட்டாக மாற்றிக்கொண்டார்கள். 1969இல் நெதர்லாந்தின் வான் பைஸ்டர்ஃபெல்ட், ரோஸ் பெங்கால் சாயத்துக்கு ஒரு கண்ணுக்கு 9 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். 3.5 என்பது எல்லை. அதே ஆண்டு டென்மார்க்கின் மோகன்ஸ் நோர்ன், ஃப்ளோரசின் என்னும் பச்சையாய் ஒளிரும் சாயத்தை விட்டு, இமைக்காமல் இருந்தால் எத்தனை நொடியில் கண்ணீர்ப் படலம் உடைந்து கரும்புள்ளி தோன்றுகிறது என்று அளந்தார். 10 நொடிக்குக் குறைந்தால் குறை என்பது பின்னர் வழக்கமாயிற்று. எண்கள் சேர்ந்துகொண்டே போயின. எண்ணுக்குள் அடங்காதவர் 'உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை' என்ற வாக்கியத்தோடு திரும்பினார்.

சாட்சிகளின் நேர்மையை யாரும் விசாரிக்கவில்லை என்பதும் விந்தையே. ரோஸ் பெங்கால் செத்த செல்களையும் நலிந்த செல்களையும் மட்டுமே பற்றும் என்று ஏறத்தாழ அறுபதாண்டுகள் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1992இல் ஃபீன்ஸ்ட்ராவும் ஷெஃபர் செங்கும் இதைச் சோதித்தார்கள். உயிருள்ள செல்லையும் அது பற்றுகிறது. மேலே கோழைப் போர்வை இருந்தால்தான் தடுக்கப்படுகிறது என்று தெரிந்தது. போதாக்குறைக்குச் சாயமே செல்லுக்கு நஞ்சு. கண்ணில் விட்டால் கடுமையாக எரியும். எரிச்சல் என்று முறையிட்டு வந்தவர் கண்ணில் எரிச்சலை ஊற்றிவிட்டு, எரிச்சல் உண்மையா என்று சோதித்தோம் என்று இதைச் சொல்லலாம். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் லிசமின் பச்சை வந்துவிட்டது.

1990களில் ஒரு திருப்பம். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனமும் மருந்து நிறுவனங்களும் கூடி நடத்திய பட்டறையின் அறிக்கையை 1995இல் மைக்கேல் லெம்ப் வெளியிட்டார். கண்ணீர்க் குறைவாலோ மிகை ஆவியாதலாலோ கண்ணின் மேற்பரப்பு சிதைவதும், அதோடு அசௌகரிய உணர்குறிகள் இணைந்திருப்பதும்தான் உலர்கண் என்றது அந்த வரையறை. காண்குறியும் உணர்குறியும் கைகோத்தே வரும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது.

அந்த நம்பிக்கை இரண்டே ஆண்டில் ஆட்டம் கண்டது. மேரிலாந்து மாநிலத்தில் சால்ஸ்பரி என்றொரு ஊர். அங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 2,500 பேரை ஆலிவர் ஷைனும் குழுவினரும் ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, ஊரிலேயே வாழ்பவர்களைத் தேர்ந்து கேட்டார்கள் என்பது இதில் முக்கியம். உலர்கண்ணின் உணர்குறிகளில் ஒன்றாவது அடிக்கடியோ எப்போதுமோ இருக்கிறது என்றவர்கள் 14.6 விழுக்காடு. உணர்குறியும் இருந்து, ஷிர்மர் அளவும் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதவர்கள் 2.2 விழுக்காடு மட்டுமே. காகிதம், சாயம் இரண்டில் ஏதேனும் ஒன்று குறை காட்டினால் போதும் என்று தளர்த்தினாலும் 3.5 விழுக்காடுதான் தேறினார்கள். அதாவது கண் உறுத்துகிறது என்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவரிடம் இவ்விரு சோதனைகளும் எதையும் காணவில்லை.

இந்த முடிவை எப்படி வாசிப்பது? நான்கில் மூவர் மிகைப்படுத்துகிறார்கள் எனலாம். சோதனைகள் குருடு எனலாம். துறை இரண்டுக்கும் தயங்கியது. வலியையும் எண்ணாக்கிவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. ஓ.எஸ்.டி.ஐ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் வினாத்தாள் 2000இல் வெளியாயிற்று. 12 கேள்விகள். கூச்சம், உறுத்தல், வலி, மங்கல் பற்றி ஐந்து. படித்தல், இரவில் வண்டி ஓட்டுதல், கணினியோ வங்கியின் பண இயந்திரமோ பயன்படுத்துதல், தொலைக்காட்சி பார்த்தல் பற்றி நான்கு. காற்று, வறண்ட இடம், குளிர்சாதன அறை பற்றி மூன்று. விடைகளைக் கூட்டிப் பெருக்கி வகுத்தால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். வண்டி ஓட்டாதவரும் பண இயந்திரத்தைத் தொடாதவரும் என்ன செய்வது என்று வாசகர் கேட்கலாம். பொருந்தாத கேள்வியைத் தாண்டிச் செல்ல அதில் வழி உண்டு. எனினும் வீசும் அனலில் அடுப்பூதுவதையும் பூத்தொடுப்பதையும் கேட்கும் ஒரு வினாத்தாளைத் தமிழில் எவராவது எழுதினால் நன்றாயிருக்கும் என்ற ஆசையை இங்கே அடைப்புக்குறி இல்லாமலே பதிந்துவைக்கிறோம்.

உணர்வும் எண்ணாகிவிட்டது, இனி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்த்தார்கள். 2004இல் ஒஹையோவில் நிக்கல்ஸ் தம்பதியரும் மிட்செலும் 75 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே முடிவு இருந்தது: தொடர்பின்மை. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 33 கட்டுரைகளில் செய்யப்பட்ட 175 ஒப்பீடுகளைத் திரட்டியது. அவற்றில் 49 மட்டுமே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கவை. அந்தத் தொடர்பும் பெரும்பாலும் வலுவற்றது. ஒன்று ஏறினால் மற்றதும் அதே அளவு ஏறும் என்பதை 1 என்றும், தொடர்பே இல்லை என்பதை 0 என்றும் கொண்டால், கிடைத்தவை பெரிதும் 0.4க்கு உட்பட்டே நின்றன.

இது ஆய்வறைக்குள் மட்டும் நடக்கும் சர்ச்சை என்று எண்ண வேண்டாம். ஒரு மருந்து சந்தைக்கு வர வேண்டுமானால் அது உலர்கண்ணைக் குறைக்கிறது என்று காட்ட வேண்டும். எதைக் குறைத்தால் குறைந்ததாகக் கணக்கு? 2002 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதித்த சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, ஷிர்மரின் காகிதத்தை வைத்தே உள்ளே வந்தது. ஆறு மாத முடிவில் காகிதத்தின் ஈரம் 10 மில்லிமீட்டர் கூடியவர்கள் மருந்து பெற்றோரில் 15 விழுக்காடு, மருந்தில்லாச் சொட்டு பெற்றோரில் 5 விழுக்காடு. கண்ணீர் உற்பத்தியைக் கூட்டும் என்பதே அதற்குத் தரப்பட்ட பரிந்துரைக் குறிப்பு. உறுத்தலைப் பற்றி அக்குறிப்பில் பேச்சில்லை.

பின்வந்த லிஃபிடெகிராஸ்ட் என்ற மருந்தின் கதை இன்னும் சுவையானது. முதல் பெரிய சோதனையில் 588 பேர். கருவிழிச் சாயம் குறைந்தது, நோயாளி உணர்வில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. இரண்டாவதில் 718 பேர். உலர்வுணர்வு குறைந்தது, சாயம் குறையவில்லை. முதல் சோதனை காண்குறியை வென்று உணர்குறியைத் தோற்றது, இரண்டாவது நேர்மாறு. 2015 அக்டோபரில் நிறுவனம் மேலும் தரவு கேட்டது. 711 பேரைக் கொண்ட மூன்றாவது சோதனை உணர்குறியில் மீண்டும் வென்றது. 2016 ஜூலையில், உலர்கண்ணின் காண்குறி, உணர்குறி இரண்டுக்குமான மருந்து என்று அனுமதி கிடைத்தது. எந்த ஒரு சோதனையிலும் இரண்டும் சேர்ந்து இலக்கை எட்டவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த 'இரண்டுக்கும்' என்ற சொல்லின் எடை புரியும்.

உணர்குறியை மட்டும் நம்பினாலும் வழுக்கலே. மீன் எண்ணெய் மாத்திரை உலர்கண்ணுக்கு உதவுமா என்று 535 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. மீன் எண்ணெய் உண்டவர்களின் வினாத்தாள் மதிப்பெண் சராசரியாக 13.9 குறைந்தது. நல்ல பலன் எனத் தோன்றும். போலி மாத்திரையாக ஆலிவ் எண்ணெய் உண்டவர்களுக்கும் 12.5 குறைந்தது. இரண்டுக்கும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடில்லை. நோயாளியின் சொல் உண்மைதான். ஆனால் அந்தச் சொல் எதனால் மாறியது என்பதை அச்சொல்லே சொல்லிவிடாது.

இத்தனைக்கும் நடுவே ஒருவரையும் அழைத்து விசாரிக்காமல் விட்டிருந்தார்கள்: நரம்பு. கருவிழிப் படலம் தோலைவிட 300 முதல் 600 மடங்கு செறிவாக நரம்பு முனைகளைக் கொண்டது என்பது 1980களிலேயே தெரியும். ஆனால் உலர்கண் என்றாலே நீரும் நெய்ப்பும் பற்றிய பேச்சாக இருந்ததால், உணர்வைச் சுமந்து செல்லும் கம்பியை ஒருவரும் பெரிதாகக் கருதவில்லை. பாஸ்டனில் பெரி ரோஸந்தால் என்ற கண் மருத்துவர், கடும் வலியோடு வந்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார். 2009இல் அவரும் உடனாசிரியர்களும் எழுதிய கட்டுரை, சாயம் ஏறாத கருவிழி வலி மெய்யானதா என்ற கேள்வியையே தலைப்பாக்கிக்கொண்டது. அவர்கள் விடை: மெய். காயம் ஆறிய பின்னும், அல்லது காணத்தக்க காயமே இல்லாமலும், நரம்பு தானே வலியைக் கூவிக்கொண்டிருக்க முடியும்.

ஸ்பெயினின் அலிக்காந்தேயில் கார்லோஸ் பெல்மான்டேயின் குழு 2010இல் இதற்கு உடலியல் அடித்தளம் ஒன்றைத் தந்தது. கண்ணீர்ப் படலம் ஆவியாகும்போது கருவிழி மிகச் சிறிதளவு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, டி.ஆர்.பி.எம். 8 என்னும் புரதம் அவற்றில் வேலை செய்கிறது. புதினா வாயில் குளிர்வதும் இதே புரதத்தால்தான். இப்புரதம் இல்லாத எலிகளுக்கு அடிப்படைக் கண்ணீரே குறைந்துபோனது. ஆக, நாம் அறியாமலே கண் தன் ஈரத்தைக் குளிர்ச்சியால் அளந்து நிரப்பிக்கொள்கிறது. அளக்கும் அந்த நரம்பு பழுதானால், ஈரமான கண்ணும் உலர்ந்ததாகவே உணரப்படும். நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்குச் செய்தி கொண்டுவரும் தூதன் பிழைபட்டிருக்கிறான்.

2013இல் பிரிட்டனின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து 1,635 பெண்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, இதை முன்கையில் சோதித்துக் காட்டியது. கையில் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த அளவில் வலிக்கிறது என்று பார்த்தார்கள். உலர்கண் உள்ளவர்களுக்குக் குறைந்த வெப்பத்திலேயே வலித்தது. கண்ணைப் பற்றிய கேள்விக்குக் கை விடை சொல்வது நம்மைத் திகைக்க வைக்கிறது. சிலருக்கு வலியின் வாசல் உடல் முழுவதுமே தாழ்வாக இருக்கிறது.

இங்கேதான் பழைய 'ஒன்றுமில்லை' மீண்டும் வேறு உடையில் வரக்கூடும் என்று அஞ்சுகிறோம். வலியுணர்வு மிக்கவர், மனச்சோர்வு உள்ளவர் என்ற சொற்கள் எளிதில் குற்றச்சாட்டாக மாறிவிடும். வலி ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1979இலேயே வலியை வரையறுத்தபோது, திசுச் சிதைவு காணப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கண் மருத்துவம் அந்த இடத்துக்கு வர இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இப்போது ஓர் எளிய சோதனை உண்டு. வலிக்கும் கண்ணில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்றை விடுகிறார்கள். வலி அடங்கினால் மூலம் கண்ணின் பரப்பில். அடங்காவிட்டால் வலி மேலே, நரம்பு மண்டலத்தில் குடியேறிவிட்டது. கண்ணுக்கு இன்னும் எத்தனை சொட்டு விட்டாலும் அதை எட்டாது, மருத்துவம் வேறு வழியில் போக வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை. வருந்தி வந்தவரை நம்பிய பிறகே இதைச் செய்யத் தோன்றும் என்பது நம் எண்ணம்.

எதிர்ப்புறமும் உண்டு. நரம்பு கூவுவதைப் போலவே ஊமையாகவும் போகும். லேசர் அறுவையில் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவது அறிந்ததே. முதுமையில் உணர்வு மங்குகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 648 உலர்கண் நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, யாருக்கு உணர்குறி காண்குறியை விஞ்சுகிறது, யாருக்குக் குறைகிறது என்று பிரித்துப் பார்த்தது. நெடுநாள் வலி நோய்களும் ஒவ்வாமையும் உள்ளவர்கள், கண்ணில் தெரிவதைவிட மிகுதியாக உணர்ந்தார்கள். முதியவர்களும் ஷோகிரென் நோயாளிகளும், கண்ணில் தெரிவதைவிடக் குறைவாக உணர்ந்தார்கள். எந்த நோயில் கண்ணின் சிதைவு மிகக் கடுமையோ அங்கே முறையீடு தணிந்து ஒலிக்கிறது. முறையிடுபவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பார்வைக்கே ஊறு நேரக்கூடியவர்கள் நழுவிப் போவார்கள்.

ஷோகிரென் நோயை வகைப்படுத்தும் விதிகளிலும் இந்த இழுபறி தெரிகிறது. 2002இன் விதிகளில் கண் உலர்வுணர்வு ஆறு அம்சங்களில் ஒன்று. 2016இன் விதிகளில் உணர்குறிக்கு மதிப்பெண்ணே இல்லை. உதட்டுத் திசு ஆய்வுக்கு 3, குருதியில் குறிப்பிட்ட எதிர்ப்பொருளுக்கு 3, சாயத்துக்கு 1, ஷிர்மருக்கு 1, உமிழ்நீர் அளவுக்கு 1. நான்கு வந்தால் நோய். உணர்வு வாசலில் நிற்கிறது. உள்ளே விடும் உரிமை மட்டும் அதற்கு உண்டு, கணக்கில் பங்கில்லை.

பொதுவான உலர்கண்ணின் வரையறை வேறு திசையில் நகர்ந்தது. 2007இன் பன்னாட்டு அறிக்கை அசௌகரியத்தையும் பார்வைத் தொல்லையையும் முன்னே வைத்து, மேற்பரப்பின் சிதைவை 'நேரக்கூடியது' என்ற அளவுக்குத் தளர்த்தியது. ஆசிய உலர்கண் சங்கத்தார் இன்னும் துணிந்தார்கள்: உணர்குறி இருந்து, படலம் 5 நொடிக்குள் உடைந்தால் போதும், காகிதமும் சிதைவும் கட்டாயமில்லை. 2017இன் அறிக்கையில் நரம்புணர்வுக் கோளாறு முதன்முறையாகக் காரணங்களின் பட்டியலில் ஏறியது. 2025இன் மூன்றாம் அறிக்கை, இது உணர்குறியுடைய நோய் என்பதை வரையறைக்குள்ளேயே எழுதிவிட்டது. இந்தக் கணக்குப்படி, நாம் தொடக்கத்தில் பார்த்த இருவரில் கண்ணாடி மாற்ற வந்தவர் நோயாளி அல்லர். முதலாமவருக்கும் பெயர் உறுதியாகிவிடவில்லை. படலம் உடைகிறதா, நீரின் உப்புச்செறிவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்தால், நரம்பு வலி என்ற வேறு வாசல் அவருக்குத் திறந்திருக்கிறது. முன்பு அந்த வாசலும் இல்லை.

பெயர் பெறாத இரண்டாமவரை அப்படியே அனுப்பிவிடலாமா? கண்புரை அறுவை செய்யும் மருத்துவர்கள் கூடாது என்பார்கள். புரையை நீக்கிவிட்டு உள்ளே வைக்கும் வில்லையின் திறனை, கருவிழியின் வளைவை அளந்தே முடிவு செய்கிறார்கள். கண்ணீர்ப் படலம் நிலையற்றதாக இருந்தால் அந்த அளவு ஒவ்வொரு முறையும் மாறும். வில்லையின் எண் பிசகும். 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், புரை அறுவைக்குக் காத்திருந்த 136 பேரைச் சோதித்தார்கள். 77 விழுக்காட்டினர் கருவிழியில் சாயம் ஏறியிருந்தது. உலர்கண் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தவர்கள் 22 விழுக்காடு. மற்றவர்களில் பெரும்பாலோர் கண் உறுத்துகிறது என்று சொல்லவில்லை. ஆகவே அங்கே வேலை முறை தலைகீழாக இருக்கிறது: கேட்காதவருக்கும் சாயம் விட்டுப் பார்க்கிறார்கள், படலம் சரியாகும்வரை அறுவையைச் சில வாரம் தள்ளிவைத்து, மீண்டும் அளக்கிறார்கள்.